சேர் மாற்றிய மாறி

நான் வேலையை முடித்து எழுந்ததும், சேர் தன் வெள்ளைக் கைக்குட்டையால் கீபோர்டைத் துடைத்துவிட்டுத்தான் அந்தக் கதிரையில் உட்காருவார். ஒரு எழுத்தையும் விடாமல் துடைப்பார். மாத்தளை நகரில் ஒரு தொண்டு நிறுவனத்தின் மாடி அறையில், திட்ட அதிகாரியான அவருக்குக் கீழே நான் வேலை செய்த காலம் அது. போர் மறுபடியும் தொடங்கியிருந்தது. தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், அடையாள அட்டை இல்லாமல் இருந்த நம் ஆட்களின் விவரங்களைத் திரட்டி, அட்டை வரும்வரை சோதனைச் சாவடியில் காட்ட, இன்ன தோட்டத்து ஆள் என்று ஒரு உறுதிக் கடிதம் கொடுப்பதுதான் எங்கள் வேலை.

ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் எங்களுக்கு ஒரு கோப்பு வரும். அதை ஒரு கணினிக் கருவி வாசித்து, ஆட்களின் பெயர்களை ஒரே பட்டியலில் சேர்த்து, கடிதங்களையும் தயாரிக்கும். தொடக்கத்தில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனித்தனியாக வேலையை அமைத்து மாய்ந்தோம். தோட்டத்தின் பெயரை, தடவைக்குத் தடவை மாற்றிக்கொள்ளும் ஒரு மாறியாக வைத்தால் ஒரே அமைப்பு எல்லாத் தோட்டத்துக்கும் போதும் என்று கண்டுபிடித்தவள் நான். அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. மாறிக்குத் தோட்டப் பெயரைக் கொடுப்பது முதல் படி, அது ஓடி முடிய வேண்டும். அதன் பிறகுதான் கடிதம் எழுதும் படி தொடங்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். புதிய பெயர் வந்து சேர்வதற்குள், போன தடவை கொடுத்த பழைய பெயரே எல்லாக் கடிதத்திலும் ஏறிவிடும். இதை மூன்று தடவை சேரிடம் சொன்னேன்.

நான் லீவில் இருந்த ஒரு நாள், நேரம் மிச்சம் என்று அவர் இரண்டு படிகளையும் ஒன்றாக்கி ஓட்டினார். அன்று ஓடியது நான் பிறந்த எங்கள் தோட்டத்துக் கோப்பு. எங்கள் ஆட்கள் எல்லோருடைய கடிதத்திலும் பக்கத்துத் தோட்டத்தின் பெயர் விழுந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் யாருக்கும் அது தெரியவில்லை.

அப்பா கண் கிளினிக்குக்குப் போக பஸ் ஏறினார். வழியில் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். எந்தத் தோட்டம் என்று கேட்டார்கள், கடிதத்தைப் பார்த்தார்கள். இரண்டும் பொருந்தவில்லை என்று பிடித்து வைத்தார்கள். தோட்டத்துத் தலைவர் தேடிப் போய்ப் பேசி மீட்டுவர இரண்டு நாள் ஆயிற்று. வீட்டுக்கு வந்த அப்பா வாசலிலேயே நின்றார்.

"நம்ம தோட்டத்துப் பேரத்தான் சொன்னேன் புள்ள. பொய் சொல்றேன்னாங்க. பொறந்து வளந்த எடத்தச் சொன்னா பொய்யா?"

அங்கே அடித்ததில் இடது காதில் அவருக்குக் கேட்காமல் போயிருந்தது.

அலுவலகத்தில் விசாரணை வந்தபோது, சேர் எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டினார். "இவங்கதான் செஞ்சாங்க. எவ்வளவு படிச்சாலும் லயத்துப் புத்தி போகாதுதானே." கணினியிலிருந்து என்னை விலக்கி, கடித உறைகளில் விலாசம் எழுத வைத்தார்கள். கணினியை விட்டு விலகும் முன் நான் செய்தவை இரண்டே காரியங்கள். தோட்டப் பெயரைக் கையால் திருத்தி, எங்கள் ஆட்களின் கடிதங்களைச் சரியாக மறுபடி தயாரித்துத் தலைவரிடம் கொடுத்தேன். பிறகு, எந்த நாளில் யார் ஓட்டினார், மாறியில் என்ன பெயர் இருந்தது என்று அந்தக் கருவி தானாகவே எழுதி வைத்திருந்த பதிவை அச்செடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். அதில் சேரின் பெயர் இருந்தது. அவர் ஒன்றாக்கி வைத்த படிகளை நான் பிரிக்கவில்லை. பிழை அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

மூன்று மாதம் காத்திருந்தேன். அந்த மாதங்களில் அப்பாவோடு பேச வலது பக்கமாகப் போய் உட்காரப் பழகினேன். ஒவ்வொரு தடவையும் என் கோபம் புதிதாயிற்று.

உதவி கொடுக்கும் வெளிநாட்டவர்கள் வந்தார்கள். கண்டியிலிருந்து எங்கள் நிறுவனத்துப் பணிப்பாளர் அம்மாவும் வந்திருந்தார். சேர் தன் கண்டுபிடிப்பு என்று மாறியைப் பற்றி விளக்கினார். வந்தவர்களில் ஒருவர், லக்கல பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கோப்பைக் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொன்னார். திரையில் வந்த கடிதங்களில் எல்லாம், போன தடவை ஓட்டிய பலாபத்வல பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெயர் இருந்தது. சேர் மறுபடி ஓட்ட அஞ்சி, வியர்த்து, என்னைக் கூப்பிட்டார்.

"இங்க கொஞ்சம் வந்து பாருங்க. என்ன பிழை இது?"

"எனக்கு எப்படிங்க சேர் தெரியும்? நான் கவர்தானே எழுதுறேன்."

பணிப்பாளர் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமா, சொல்லுங்க."

பையிலிருந்து தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். படிகள் ஒன்றாக இருப்பதைத் திரையில் காட்டினேன். இதே பிழையால் என் அப்பாவுக்கு நேர்ந்ததை ஒரு சொல்லும் கூட்டாமல் சொன்னேன். சேரின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அந்த முகம் வெளுத்ததைப் பார்க்க எனக்கு இனித்தது. அதை மறைக்க இன்றும் எனக்கு அவசியமில்லை. அந்த மாத முடிவில் அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

ஒரு வருடம் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்தார். எங்கும் வேலை அமையவில்லையாம். பிழை கருவியுடையது, தன்னுடையதல்ல என்று நான் ஒரு கடிதம் எழுதித் தர வேண்டுமாம். குரல் தணிந்திருந்தது.

"எழுதுறேங்க சேர். அதுக்கு முன்னுக்கு எங்க லயத்துக்கு வந்து அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. வலது காதுப் பக்கமா நின்னு சொல்லுங்க, அதுலதான் கேக்கும்."

"சரி, வாறேன்" என்றார்.

அவர் வரவில்லை. அப்பா இறந்து வருடங்கள் ஆகிவிட்டன. அந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை. இனி அவரே வந்து நின்றாலும் எழுத மாட்டேன்.