சரி என்றால் என்ன, றெஜினா?

காலையில் அலுவலகத்துக்குள் நுழையும்போதுதான் றெஜினாவின் அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. "தங்கச்சி போயிட்டா. விடிய நெஞ்சு நோகுதெண்டவ, ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே எல்லாம் முடிஞ்சுது." எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். குழந்தைகளுக்கு மருந்தளவு கணிக்கும் எங்கள் மென்பொருளின் புதிய பதிப்பு அந்த வாரம் வெளியே போக இருந்தது. கடைசியாகப் பார்த்து அனுப்புபவர் றெஜினாதான். இனி நான்.

குருநகர்க் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு பூசைக்கு வேதாகம வாசகம் வாசிப்பவர் றெஜினா. அந்தப் பழக்கத்தை அலுவலகத்துக்கும் கொண்டுவந்தார். நிரலைச் சோதிக்க நாங்கள் எழுதும் டெஸ்டுகளை எழுந்து நின்று உரக்க வாசிக்க வேண்டும். முழு வசனமாக, கேட்டதும் விளங்காத வரி எழுதியவரிடமே திரும்பிப் போகும். "இண்டைக்கு ஆற்றை பூசை?" என்று, வாசிக்கும் முறை யாருடையது என்று கேட்டு, நாங்கள் பகிடி பண்ணியது கூட வேலைசெய்த உங்களுக்கும் நினைவிருக்கும்.

ஒருநாள் ஒரு டெஸ்ட் தோற்றுச் சிவப்பாக விழுந்தது. 'உண்மை வரவேண்டும், பொய் வந்தது' என்பதற்கு மேல் திரையில் ஒன்றுமில்லை. எது பொய்? மத்தியானம் வரை தேடினோம்.

"ஊருக்குள்ளை நெருப்பெண்டு கத்திப்போட்டு, எந்த வீடெண்டு சொல்லாமல் ஓடுறமாதிரிக் கிடக்கு," என்றார் றெஜினா. எதிர்பார்ப்பதை வசனம்போலச் சொல்லவைக்கும் மேட்ச்சர் என்ற கருவியைப் போட்டு அந்த வரியை மாற்றினார்: 'மருந்தளவு இந்த எடைக்குரிய உச்சத்தைத் தாண்டக் கூடாது.' மறுபடி ஓட்டியதும் திரையே சொன்னது: உச்சம் இவ்வளவு, கிடைத்தது அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். இறாத்தலில், அதாவது பவுண்டில், வந்த எடையைக் கிலோ என்று எடுத்திருந்தோம்.

"பயமாக் கிடக்கு அண்ணை," என்றார் றெஜினா என்னிடம். "பயப்படாத ஆக்கள் எழுதின டெஸ்டை நான் நம்பமாட்டன்."

அடக்கம் முடிந்த மறுநாள், அவர் இருந்து வேலைசெய்த கதிரைக்குப் பக்கத்தில் நின்று டெஸ்டுகளை வாசித்தேன். 'அடுத்த வேளை மருந்து சரியாக இருக்க வேண்டும்' என்ற வரியில் நின்றுவிட்டேன். "சரியெண்டா என்ன அண்ணை?" என்று கட்டாயம் கேட்டிருப்பார். வரியை மாற்றினேன்: 'அடுத்த வேளை, முந்தின வேளையிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்கு முன் வரக் கூடாது.'

அதுவரை சரியென்று பச்சையாகவே இருந்த டெஸ்ட் சிவப்பானது. ஆறு எதிர்பார்த்த இடத்தில் நான்கு. பதிப்பை அனுப்பவில்லை.

றெஜினாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பயத்தைத்தான். அது என்னிடம் இல்லையென்று உங்களுக்குத் தோன்றும் நாளில், நண்பர்களே, இந்த வேலையை என்னிடமிருந்து வாங்கிவிடுங்கள்.