காத்தமுத்து போட்ட மூன்று மாலைகள்

ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் எங்களுக்கு எதிர்வீடு காத்தமுத்துவுடையது. ஆட்டோ ஓட்டுகிறார், நாற்பத்தாறு வயது. போன கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டார். அதைக் கழற்றிய கையோடு பழனிக்குப் போட்டார். பங்குனியில் சமயபுரத்துக்கு. கறுப்பு வேட்டி பச்சையானது, பச்சை மஞ்சளானது. "உன் வீட்டுக்காரருக்கு என்ன பக்தி" என்று தெருவே அவர் மனைவி வீராயியிடம் சொன்னது. நானும் சொன்னேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மாலை போட்ட ஆம்பளை தனிப்பாயில் படுப்பார். பெண்டாட்டி அவரைத் தொடக்கூடாது, 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். காத்தமுத்துவுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். ஆசை இருந்தது, ஆனால் மாலை போடுவதற்கு ஆறேழு மாதம் முன்பிருந்தே உறுப்பு விறைக்கவில்லை. சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்த ஒரு வைத்தியரிடம் லேகியம் வாங்கித் தின்றார். வயிற்றுப்போக்குதான் கண்ட பலன். வெட்கத்தில் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

வீராயி வேறு மாதிரி நினைத்தாள். அவர் குளிக்கப் போனபோது போனை எடுத்துத் துழாவினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படியானால் தன்னைத்தான் பிடிக்காமல் போய்விட்டது என்று முடிவுகட்டி, கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டாள். அவளுக்கு முப்பத்தொன்பது வயசுதான். இந்த ஆம்பளைகளின் கௌரவத்தின் மேல் எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அந்த மனுஷன் தனியாக எவ்வளவு பயந்திருப்பார் என்று நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது.

ஆனி மாதம், திருச்செந்தூருக்கு மாலை போடப் போவதாகச் சொன்னார். வீராயி சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தாள்.

"என்னைப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க, எங்கம்மா வீட்டுக்குப் போயிடறேன். எதுக்குச் சாமியை இழுக்கறீங்க?"

அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் நம்பவில்லை, சமாதானத்துக்குச் சொல்கிற பொய் என்றே நினைத்தாள். ஆனாலும் மறுநாள் இருவரும் மன்னார்புரத்தில் ஒரு டாக்டரிடம் போனார்கள். அங்கே நடந்ததை வீராயிதான் பிறகு என்னிடம் சொன்னாள்.

ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. தனக்குச் சர்க்கரை இருப்பதே அதுவரை அவருக்குத் தெரியாது. டாக்டர் வீராயியைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளியே இருங்கம்மா" என்றார். அவள் எழுந்தாள். காத்தமுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ இருக்கட்டும் டாக்டர். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. அவளால இல்லைன்னு நீங்க சொல்லுங்க."

டாக்டர் சொன்னார். சர்க்கரை ரத்தக்குழாயையும் நரம்பையும் கெடுத்தால் இப்படி ஆகும், நிறையப் பேருக்கு இருக்கிறது, பயப்படப் பயப்பட இன்னும் கூடும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து மருந்து எடுத்தால் பெரும்பாலும் சரியாகும். இதயத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றார்.

வீராயி கடைசிவரை கேட்டாள். பிறகு டாக்டர் முன்னாலேயே சத்தம்போட்டு அழுதாள். பதினான்கு மாதமாக அவர் தொடாத கை, அவர் கைக்குள்ளேயே இருந்தது.