ரேடியேட்டர் மச்சான் வளர்த்த ஆர்க்கிட்

என் அக்கா புருஷனுக்கு லாரி ஷெட்டில் ரேடியேட்டர் என்றுதான் பெயர். மனுஷன் சட்டென்று கொதித்துவிடுவார் என்பது ஒரு காரணம். வண்டியை எங்கே நிறுத்தினாலும் பானட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றுவார் என்பது இன்னொன்று. புது வண்டிக்கு அது தேவையே இல்லை என்று கம்பெனிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியும் கேட்கவில்லை. பழைய வண்டியின் ரேடியேட்டர் மூடியை ஒரு மெக்கானிக் சரியாகப் போடாமல் விட்டு, அது நடுரோட்டில் கொதித்து நின்றதிலிருந்து இந்த வியாதி.

அந்த மெக்கானிக்கைத்தான் அவர் மகள் கட்டிக்கொண்டாள்.

"மூடி போடத் தெரியாதவன் குடும்பம் நடத்துவானா?" என்று குதித்தார். கல்யாணத்தன்று வேண்டுமென்றே லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். மாற்று டிரைவரான என்னையும் இழுத்துக்கொண்டு போனார். தாய்மாமன் நான் முன்னால் நின்றிருக்க வேண்டிய நேரத்தில், ஏதோ ஒரு பெட்ரோல் பங்க்கில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சே இல்லை. அவள் மலைமேல் ஓர் ஊரில் குடியேறினாள். எங்கள் வண்டி கடற்கரையிலிருந்து சர்க்கரை மூட்டை ஏற்றிக்கொண்டு அந்த ஊரைத் தாண்டித்தான் போகும். மனுஷன் அந்த ஊருக்குப் பிரியும் திருப்பம் வந்தால் மட்டும் முன்கண்ணாடியைத் துடைப்பார்.

ஒருநாள் கடற்கரையில் ஒரு நர்சரி முன்னால் வண்டியை நிறுத்தி, ஊதா நிற ஆர்க்கிட் ஒன்றை வாங்கிவந்தார்.

"யாருக்கு மச்சான்?"

"மேல இருக்காள்ல, அவளுக்கு. அவளுக்குப் பூன்னா உயிரு."

நர்சரியம்மா நல்லபடியாகத்தான் சொல்லி அனுப்பினார்: "வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி போதும். வேர் நடுவுல காயணும். நேர் வெயில் வேணாம். சில்லுன்னு காத்தும் ஆகாது." இவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். காதில் ஒன்றும் ஏறவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

திருப்பம் வந்தது. "அடுத்த டிரிப்ல குடுத்துக்கலாம்" என்றார். அடுத்த டிரிப்பில் சட்டை அழுக்கு. அதற்கடுத்த டிரிப்பில் மழை. இப்படியே செடி எங்கள் கேபினில் குடித்தனம் செய்ய ஆரம்பித்தது. என் சாப்பாட்டுக் கூடை காலடிக்கு இறங்கியது, செடி சீட்டில் உட்கார்ந்தது.

கடற்கரையில் அதற்கு ஒரு குறையும் இல்லை. ஈரக்காற்று பட்டு மகாராணி மாதிரி இருந்தது. சமவெளிக்கு வந்ததும் அனல். இலை துவண்டதைப் பார்த்துப் பதறி, என் துண்டை நனைத்து அதன்மேல் போட்டார். மலை ஏறினால் குளிர், உடனே அவருடைய மப்ளரை எடுத்துச் சுற்றினார். ஊர் எதுவானாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. வண்டி நிற்கும், ரேடியேட்டருக்கு ஒரு மக்கு தண்ணீர், செடிக்கு ஒரு மக்கு.

"மச்சான், அது செடி. இன்ஜின் இல்ல."

"உனக்கென்ன தெரியும் மாப்ளே, காஞ்சா போச்சு."

பூக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கடைசிப் பூ விழுந்த அன்று அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "வெறும் தொட்டியைத் தூக்கிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? இனிமே போகவே வேணாம்" என்றார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. மறுநாள் காலை ஸ்டியரிங் என் கையில், அவர் பின்னால் குறட்டையில். திருப்பம் வந்தது, திருப்பிவிட்டேன். மகள் வீட்டு வாசலில் நிறுத்தி, தெருவே எழுந்திரிக்கும்படி ஹாரனை அழுத்தினேன்.

"டேய் பாவி!" என்று எழுந்தார். அதற்குள் மகள் வெளியே வந்துவிட்டாள். வேறு வழியில்லாமல், தொட்டியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இறங்கினார்.

"என்னப்பா அது?"

"பூச்செடி. உனக்குத்தான். பூதான் இல்ல."

அவள் வாங்கி, தொட்டியிலிருந்த மரப்பட்டைத் துண்டுகளைத் திண்டில் கொட்டினாள். வேரெல்லாம் கறுத்து, கூழாகி, குப்பென்று நாறியது.

"அய்யோ, எவ்ளோ தண்ணிப்பா ஊத்தினீங்க?"

"காஞ்சிரக் கூடாதேன்னு..." என்றார். நடுத்தெருவில் நின்று அழுதார். இந்த மனுஷனுக்கு இவ்வளவு நாள் கழித்தா புத்தி வரணும் என்று எனக்குக் கோபம்.

மகள் கத்தரிக்கோல் கொண்டுவந்து அழுகினதையெல்லாம் வெட்டினாள். பச்சையாக இரண்டு வேர் மிஞ்சியது.

"பிழைக்குமா?" என்றார்.

"பிழைக்கும். பூக்க ரொம்ப நாள் ஆகும். இங்கயே இருக்கட்டும். நீங்க மட்டும் தண்ணி ஊத்தக் கூடாது."

"ஊத்தல. சத்தியமா ஊத்தல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சும்மா அப்பப்ப வந்து பக்கத்துல உக்காந்திருக்கலாமா?"

அவள் தொட்டியைத் திண்டின் ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"முதல்ல அந்தச் செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க."