பாரூக்குக்கு வெட்டாத அட்டை

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அட்டை வெட்டியது. மேலகரத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், சார்ட் தாளில் அவர் எழுதித் தந்த ஆங்கில வாக்கியங்களை நான் சொல் சொல்லாக வெட்டிக் கவர்களில் போட்டேன். மறுநாள் வகுப்பில் படிக்க வருகிறவர்கள் அவற்றைக் கலைத்துவிட்டு மறுபடி வாக்கியமாக அடுக்க வேண்டும்.

அம்மா பெயர் பெர்சிஸ். பள்ளி ஆசிரியை. ஓய்வு பெற்றபின், தென்காசியில் ஓர் அறக்கட்டளையின் மாலை வகுப்பில் பெரியவர்களுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுத்தார். கடைக்காரர்களும் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களும் வருவார்கள். மறுநாள் வகுப்பைப் பார்வையிட ஆள் அனுப்புவதாக அறக்கட்டளை சொல்லியிருந்தது. வகுப்பு தொடர்வது வருகிறவர் சொல்வதைப் பொறுத்தது.

"பாரூக்குக்கு வெட்டாண்டாம்," என்றார் அம்மா.

"ஏம்மா?"

"வராண்டாம்னு போன்ல சொல்லிட்டேன். அவன் எந்திரிச்சு ஒரு சந்தேகம் கேட்டாம்னா வகுப்பு அங்கனயே நின்னுரும், ஏட்டி."

பாரூக் கடையநல்லூரில் பரோட்டா மாஸ்டர். துபாய் ஓட்டல் ஒன்றின் நேர்காணலுக்காகப் படித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன் அன்று படிப்பு ஏறாத பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிடுவார்கள். அம்மாவுக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. பாரூக்குக்கு மீசை நரைத்துவிட்டது.

மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. பிழையே வராத சோதனையை நாங்கள் நம்புவதில்லை. அதை அம்மாவிடம் சொல்லவில்லை. அடுத்த தாளை எடுத்து வெட்டினேன்.

மறுநாள் நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில், பார்வையிட வந்த வேல்விழி. அம்மா கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. அட்டைகள் தாமதமில்லாமல் வாக்கியமாயின. முடிவில் வேல்விழி எழுந்தார்.

"நல்லாருந்துச்சு டீச்சர். ஆனா யாருமே தப்புப் பண்ணலையே. தப்பு வந்தாத்தான நீங்க அத எப்படித் திருத்துதீங்கன்னு பாக்க முடியும்?"

ஜவுளிக்கடை வைத்திருக்கும் தாணு உற்சாகமாகக் கையைத் தூக்கினார்.

"அந்தத் தப்பெல்லாம் கடையநல்லூர்ல இருக்கு மேடம். இன்னைக்கு வராண்டாம்னு டீச்சரே சொல்லிட்டாக."

வகுப்பு சிரித்தது. வேல்விழியும் சிரித்துவிட்டார். அம்மா டஸ்டரை எடுத்து, ஏற்கெனவே துடைத்திருந்த போர்டைத் துடைத்தார்.

வகுப்பைத் தொடரலாம் என்று சொல்லிவிட்டுத்தான் வேல்விழி போனார். ஸ்கூட்டரில் திரும்பும்போது சாரல் விழுந்தது. பின்னால் இருந்து அம்மா பேசினார்.

"எல்லாத்துக்கும் தெரிஞ்சிருக்கு பாத்தியா. அவனே போன் போட்டு எல்லார்ட்டயும் சொல்லிருக்கான். எப்படிச் சொல்லிருப்பான்?"

"ஒரு நாள்தானம்மா. திங்கக்கெழம வந்துருவாரு."

"வர மாட்டான். வாட்ஸ்அப் க்ரூப்லருந்து வெளிய போயிட்டான்."

"அப்ப போன் பண்ணிப் பேசுங்க."

"போன்ல சொல்லித்தான வராண்டாம்னேன். வான்னு நேர்ல போய்த்தான் சொல்லணும். ஞாயித்துக்கெழம கோயில்ல ஆராதனை முடிஞ்சு அவன் கடைக்குப் போவம். பரோட்டா வாங்குத சாக்குல போவாண்டாம். மன்னிச்சுக்கோன்னு சொல்லத்தான் வந்தேன்னு நேராச் சொல்லிருவேன்."

சரி என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் காப்பி கொண்டுபோனபோது அம்மா எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே மாரடைப்பு என்றார் டாக்டர்.

வகுப்பின் வாட்ஸ்அப் க்ரூப்பில் தாணு செய்தி போட்டார். எல்லாரும் வந்தார்கள். பாரூக் அந்த க்ரூப்பில் இல்லை. கூட்டத்தில் யாரும் அவர் பேரை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. டீச்சர் வழக்கம்போலப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார், தான் மட்டும் அங்கே வேண்டாம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். நேர்காணல் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அடக்கம் செய்தோம். கடையநல்லூருக்கு யாரும் போகவில்லை.