உயிர் காலேஜில் ஒரு பெண் குழந்தை

மெட்ராசில் அப்போது மிருகக்காட்சி சாலை சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஜனங்கள் அதை உயிர் காலேஜ் என்பார்கள். எண்பதுகளின் தொடக்கம், மிருகங்களை வண்டலூருக்குக் கொண்டுபோகாத காலம். நாங்கள் மொரப்பூரிலிருந்து ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். திரும்ப மத்தியான ரயில். கையில் மூன்று மணி நேரம் இருக்கிறது, சிங்கத்தைப் பார்த்துவிட்டே போகலாம் என்றார் அப்பா. அப்பா, அம்மா, பத்து வயதில் நான், நாலு வயதில் தம்பி. அன்று அப்பாவும் அம்மாவும் செய்த தப்பை எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். நான் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை.

தம்பி தவமிருந்து பெற்ற பிள்ளை. அவனுக்கு முன்னால் இரண்டு தடவை கரு கலைந்துபோனதில், பையன் பிறந்தால் ஐந்து வயது வரை தலையில் கத்தி படாமல் வளர்த்து மொட்டை போடுவதாக அம்மா தீர்த்தமலை சாமிக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். அதனால் அவனுக்கு என்னைவிட நல்ல முடி. தினமும் ரெட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், காலில் கொலுசு. ஊரில் எல்லோருக்கும் அது வேண்டுதல் முடி என்று தெரியும், யாரும் அவனைப் பெண் என்று நினைத்ததில்லை. அன்று காலை டவுன் பஸ்ஸில் அவன் சட்டை டிராயரெல்லாம் வாந்தி எடுத்து வைத்தான். மாற்றுத் துணியெல்லாம் அழுக்கு. அம்மா பையைத் துழாவி என் புது மஞ்சள் கவுனை எடுத்து அவனுக்கு மாட்டிவிட்டாள். முந்தின நாள்தான் எனக்கு வாங்கியது. நான் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அவன் கையை விடாதே என்று மட்டும் சொன்னாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாலில் ஏடு அவனுக்கு, முட்டையில் மஞ்சள் அவனுக்கு, இப்போது கவுனுமா? பாதம் மூடத் தொங்கிய அதைத் தரையில் இழுத்துக்கொண்டு அவன் கொலுசு குலுங்க நடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை, கோடை லீவு, கூட்டம் நெரித்தது. அப்பா சிங்கக் கூண்டு எங்கே என்று பார்த்துவர முன்னால் போயிருந்தார். அம்மா குழாயில் தண்ணீர் பிடிக்க வரிசையில் நின்றாள். நானும் தம்பியும் கரடிக் கூண்டு முன்னால். அவன் கையில் சிவப்புக் குச்சி ஐஸ். கரடி எழுந்து நின்றதும் துள்ளினான், ஐஸ் முழுக்க கவுனின் மார்பில் கொட்டியது. நான் அவன் கையை உதறினேன். நழுவவில்லை, உதறினேன். "எங்கியாவது போய்த் தொலை" என்று சொல்லிவிட்டுக் கரடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் திரும்பிப் பார்த்தபோது அவன் நின்ற இடத்தில் ஐஸ் குச்சி மட்டும் கிடந்தது.

அம்மாவிடம் அவனே கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான் என்றேன். அம்மா கூஜாவை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். குரங்குக் கூண்டு, மான் வேலி, பறவைகள், எங்கும் இல்லை. சிங்கக் கூண்டிலிருந்து வந்த அப்பாவுக்கு விஷயம் தெரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. வாட்ச்மேனைப் பிடித்து, பையன், நாலு வயசு, நீல டிராயர் என்றார். நீல டிராயர் அவரே பார்த்து வாங்கியது. பஸ்ஸில் முன்பக்கம் நின்று வந்த மனிதர், இறங்கியதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவர், கவுனை எங்கே கவனித்தார்? அம்மாவோ அழுகையில் எதையும் காதில் வாங்கவில்லை. நான் திருத்தவில்லை. வாட்ச்மேன் பையனைத் தேடிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் மரத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கர் கரகரத்தது. நாலு வயது மதிக்கத்தக்க பெண் குழந்தை ஒன்று ஆபீசில் இருக்கிறது, பெற்றோர் வந்து அழைத்துப் போகவும்.

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது எந்த வீட்டுக் குழந்தையோ பாவம் என்றாள். அப்பாவுக்குக் கோபம் போக ஓர் இடம் கிடைத்தது. "பொட்டப்புள்ளையத் தொலைச்சுட்டு எவனோ நிம்மதியா சுத்திக்கிட்டு இருக்கான் பாரு" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் வந்தால் அக்காதான் கையை உதறினாள் என்று சொல்லிவிடுவான், அப்பாவின் பெல்ட் எனக்குத் தெரியும். பயம் மட்டுமல்ல. அவன் பத்திரமாக இருக்கிறான் என்பது எங்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். வெட்கத்தோடு சொல்கிறேன், அது கொஞ்சம் ருசியாக இருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் தேடட்டும் என்று நினைத்தேன்.

ஒரு நிமிஷம் பத்து நிமிஷமானது. ரயிலுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. முதலைத் தொட்டியின் சுவரில் வயிற்றைச் சாய்த்து அப்பா உள்ளே எட்டி எட்டிப் பார்த்தார். பச்சைத் தண்ணீரில் சிவப்பாக என்னவோ மிதந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு ரிப்பன் ரிப்பன் என்று சுவரைப் பிடித்து ஏறப் போனாள். அப்பா அவளை இழுத்துக் கீழே உட்கார வைத்தார். அது யாரோ வீசிய பிஸ்கட் காகிதம்தான். அப்போது ஸ்பீக்கர் மறுபடி சொன்னது. பெண் குழந்தை, ரெட்டைச் சடை, யாரும் வராவிட்டால் போலீசில் ஒப்படைக்கப்படும்.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று அம்மாவின் முந்தானையைப் பிடித்தேன். நான் வாய் திறப்பதற்குள் அம்மா கொண்டையை அவிழ்த்துவிட்டாள். முழங்காலைத் தொடுகிற முடி அவளுக்கு. எங்கள் தெருவில் அப்படி ஒரு முடி வேறு யாருக்கும் கிடையாது. அதை இரண்டு கையிலும் வாரிப் பிடித்து, தீர்த்தமலை எந்தத் திக்கில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல், ஒட்டகச்சிவிங்கி நின்ற பக்கம் பார்த்துக் கும்பிட்டாள்.

"சாமி, எம்புள்ள உசுரோட கெடச்சா அவன் முடியோட சேத்து என் முடியையும் குடுத்தர்றேன்."

அப்பா அவளைப் பார்த்தார். சாமிக்குச் சொன்ன வார்த்தையை எங்கள் பக்கம் யாரும் திருப்பி வாங்க மாட்டார்கள்.

"அம்மா, அது தம்பிதாம்மா. கவுன் போட்டிருக்கான்ல" என்றேன்.

அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு அவிழ்ந்த கூந்தலோடு ஓடினாள்.

ஆபீசில் மேஜை மேல் உட்கார்ந்து அவன் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். இது பையனா என்று அங்கிருந்தவர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா வாரி எடுக்கப் போக, அவன் இறங்கி நேராக என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். எப்படிடா போனே என்று அப்பா கேட்டார். "அக்கா கவுன்ல ஐஸ் கொட்டிடுச்சு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். ரயிலைப் பிடித்துவிட்டோம். ஜோலார்பேட்டை, திருப்பத்தூர், சாமல்பட்டி, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நான்தானே கவுனைப் போட்டுவிட்டேன், எனக்கே மறந்துபோச்சே என்று அம்மா தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். நான் மொரப்பூர் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுவருஷம் தீர்த்தமலையில் இரண்டு பேரும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். தம்பி சடையைக் கொடுக்கமாட்டேன் என்று கத்தினான். அம்மா சிரித்துக்கொண்டே குனிந்தாள். கத்தி இழுக்க இழுக்க முடி அவள் மடியில் விழுந்து, மடி கொள்ளாமல் தரைக்கு வழிந்தது.

மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். அம்மாவின் தலை இவ்வளவு சின்னது என்று அன்றுதான் தெரிந்தது. என் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

"நீ ஏன்டி அழுவுற, என் முடிதான போச்சு? நீ அன்னிக்குச் சொல்லலைன்னா புள்ளையே போயிருப்பான்" என்றாள் அம்மா.

நான் சந்தனத்தைப் பூசி முடித்தேன்.