வைக்கப் போன கை

நெருப்பெரிச்சல் என்ற ஊரில், சிறை மீண்ட ஆடவர் ஓராண்டு தங்கி வேலைக்குச் சென்றுவரும் இல்லம் ஒன்று உண்டு. அங்கே சேருவோர்க்கெல்லாம் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டு கிடைக்கும். ஆண்டு முடிந்து வெளியேறுகையில் தட்டும் உடன் போகும். எவரேனும் மறுபடி கைவரிசை காட்டிச் சிறை புகுந்தால், தட்டு மட்டும் இல்லத்துக்குத் திரும்பும். சீனிச்சாமியின் குழுவில் வெளியேறியவர் எழுவர். நான்கே மாதத்தில் மூன்று தட்டுகள் திரும்பிவிட்டன.

"ஒங்க தட்ட வைக்க அலமாரில எடமில்லண்ணே, பாத்து இருங்க" என்று இல்லத்தை நடத்தும் பிரிசில்லா கடைசியாகப் பார்த்தபோது சொல்லியிருந்தாள்.

சீனிச்சாமி இருபது ஆண்டுகள் பேருந்துகளில் ஜேப்படி செய்தவர். பனியன் கம்பெனியில் அவருக்கு வாய்த்த வேலையோ, டிராக் பேண்ட் பைகளுக்குள் இரு விரல் விட்டு, அடிவரை தடவி, தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது. நாளொன்றுக்கு ஆயிரம் பை. அவர் வேகம் வேறெவர்க்கும் வாய்க்கவில்லை. காரணத்தைச் சூப்பர்வைசர் மோகன்ராஜ் கேட்டதுமில்லை, இவர் சொன்னதுமில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை, நெரிசல் மிக்க டவுன் பஸ் சடாரென்று நின்றது. கூட்டம் முன்னே சாய்ந்தது. நிமிர்ந்து பார்த்தால், சீனிச்சாமியின் விரலிடுக்கில் ஒரு பர்ஸ். முன்னே நின்ற பெரியவருடையது. விரல்கள் சீனிச்சாமியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான்காம் தட்டு கண்முன் வந்து நின்றது. 'கீழே கிடந்தது' என்று நீட்டலாம். ஆனால் அந்தப் பொய்யை மூன்று காவல் நிலையங்களில் சொல்லி அடி வாங்கியவர் அவர். ஆகவே எடுத்த இடத்திலேயே வைக்கத் துணிந்தார். எடுத்துப் பழகிய கைக்கு வைப்பது புதுத்தொழில். பாதி நுழைவதற்குள் பெரியவர் மணிக்கட்டைப் பற்றிவிட்டார்.

"ஏனுங்க தம்பி, என்ற ஜோப்புக்குள்ள உங்க கைக்கு என்னங்க சோலி?"

"எடுக்கலய்யா… வைக்கிறேன்."

பஸ்ஸே சிரித்தது. "என்ற கூடையிலயும் ஏதாச்சும் வெச்சுட்டுப் போங்கண்ணா!" என்றாள் ஒருத்தி.

சீனிச்சாமி மறைக்கவில்லை. "பழைய தொழிலுய்யா. பகலெல்லாம் பை பாக்குற வேல. வெரலு இங்கயும் பாத்துருச்சு. டேசனுக்குன்னா வாறேன்."

பெரியவர் பர்ஸைத் திறந்து பார்த்தார், ஒன்றும் குறையவில்லை. சற்று யோசித்தார். "எடுத்தது எனக்குத் தெரியவே இல்லீங்க. வெக்கறப்பத்தான் புடிச்சேன். அப்பொ நீங்க சொல்றது நெசந்தானுங்க." மணிக்கட்டை விட்டார். "எதுக்கும் ரெண்டு கையும் மேல கம்பியிலயே இருக்கட்டுங்க."

இறங்கும்வரை அங்கேயே இருந்தன.

திங்களன்று சீனிச்சாமி பேக்கிங் வேலைக்கு மாற்றம் கேட்டார். மோகன்ராஜ் முதன்முறையாகக் காரணம் கேட்டார். இவரும் முதன்முறையாகச் சொன்னார். மோகன்ராஜ் தம் சட்டைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, "பேக்கிங்குக்கே போங்க" என்றார்.