மருதப்பன் முகத்துக்கு ஒரு பேனா

சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருக்கும் மருதப்பன் அண்ணன், வேலைக்குப் போகும் பஸ்ஸிலேயே செல்போனில் கவிதை எழுதுவார். நாற்பது சேர்ந்ததும் புத்தகம் போடுவதென்று முடிவானது. பின்னட்டைக்குப் போட்டோ தேடினால் எல்லாவற்றிலும் ஹெல்மெட்டோடு இருந்தார். அதனால் என்னிடம் வந்தார். நான் படம் வரைவேன் என்று நாங்கள் இருவரும் போகும் வாசகர் வட்டத்தில் ஒருமுறை வாய்தவறிச் சொல்லியிருந்தேன். அங்கே நான் பேசிய ஒரே வாக்கியம் அது.

"ஊர்ல எம்பொண்ணு பார்த்தா அப்பான்னு சொல்லணும் தம்பி. அவ்வளவுதான்."

மூன்று மாதம் அவகாசம். மூன்று மாதமும் பேனா தேர்ந்தெடுத்தேன். கண்ணிமைக்கு 0.05 மில்லிமீட்டர் முனை, நெற்றிச் சுருக்கத்துக்கு 0.3, மீசைக்குத் தூரிகை முனை. பூன் லேயில் என் வீட்டில் இருபத்தாறு பேனாக்கள் சேர்ந்தன, ஒரு முகம் சேரவில்லை. மூடியைத் திறப்பேன், ஒரு கோடும் போடாமல் மூடிவிடுவேன். பேனா சரியில்லை என்று இன்னொன்று வாங்குவேன். ஒரு தடவை துணிந்து நல்ல தாளில் வரைந்து, மேலே நீர்வண்ணம் பூசினேன். தண்ணீரில் கரையாத மையா என்று பார்க்காமல் வாங்கிய ஒரே பேனா அதுதான். மீசை வழிந்து தாடியானது. அதையும் அண்ணனுக்கு அனுப்பித் தொலைத்தேன்.

கடைசி ஞாயிறு. ஐந்து மணிக்குள் படம் அச்சகத்தில் இருக்க வேண்டும். ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தில் காத்திருந்த அண்ணனை நேராகப் பேனாக் கடைக்குக் கூட்டிப்போனேன். சரியான பேனா கிடைத்ததும் உட்கார்ந்து வரைந்துவிடலாம் என்றேன். அவர் எதிர் அடுக்கில் விலைகளை வாசித்துக்கொண்டு நின்றார். காதோரம் தீப்பொறி பட்ட சின்னத் தழும்பு.

பேனாவை எழுதிப் பார்க்கக் கடையில் ஒரு நோட்டு கட்டியிருப்பார்கள். எல்லோரும் தங்கள் பெயரைக் கிறுக்குவார்கள். எனக்கு அதற்கும் கூச்சம் என்பதால் எதிரில் இருப்பதைக் கிறுக்குவேன். 0.3, 0.5, மறுபடி 0.3. இது வரைவதில்லையே, எழுதிப் பார்ப்பதுதானே; கை தானாக ஓடியது. நிமிர்ந்தபோது அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"இதானே நான்," என்றார் மெதுவாக.

தழும்புகூட இருந்தது. அதற்குப் பக்கத்தில் முன்பே யாரோ சிவப்பு மையில் போட்ட ஓர் இதயமும்.

நல்ல தாளில் மறுபடி வரைகிறேன் என்றேன்.

"வேணாம் தம்பி. நீ நல்ல தாளை எடுத்தா எனக்குத் தாடி வந்துடும்."

இனி அந்தத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும். கல்லாவில் நஃபீசா என்ற பெயரட்டையோடு ஒரு பெண். கேட்கப் போனவன் ஒரு பேனா வாங்கித் திரும்பினேன். மறுபடி போய் இன்னொன்று. மூன்றாவதற்குப் பணம் கொடுத்தபோது அண்ணன் முழங்கையால் இடித்தார். நோட்டைக் காட்டி, "இந்த ஒரு பக்கம்..." என்றேன்.

அவள் படத்தைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், சரக்கென்று கிழித்துக் கொடுத்தாள்.

"குப்பைக்குப் போற பேப்பர் லா இது. இதுக்கா மூணு பேனா வாங்குனீங்க?"

நாலரைக்கு அச்சகத்தில் கொடுத்தோம். இதயத்தை எடுத்துவிடவா என்று கேட்டார்கள். இருக்கட்டும் என்றார் அண்ணன்.

புத்தகம் ஊருக்குப் போய், மகள் பின்னட்டையைப் பார்த்ததும் அப்பா என்றாளாம். அந்த இதயம் ரொம்ப அழகு, வரைந்தவரிடம் சொல்லுங்கள் என்றும் சொன்னாளாம். அண்ணன் அதை என்னிடம் அப்படியே சொன்னார். நான் மறுக்கவில்லை.

இப்போது என்னிடம் இருபத்தொன்பது பேனாக்கள் இருக்கின்றன.